ஒரே ரசீது, ரெண்டு கணக்கு!

'திருப்பூர்' என்று சொன்னதுமே வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டீ-ஷர்ட் மலிவாக் கிடைக்குமா?" என்பதுதான். கிடைக்கும்! இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடைகளில் பாதிக்கு மேல் எங்க ஊர்ச் சரக்காச்சே. காதர்பேட்டைக்கு வந்து பாருங்கள், மலை மலையாகக் குவிந்து கிடக்கும்.

இப்பேர்ப்பட்ட ஊரில் காலேஜ் பெண்கள் கபடி டீமுக்கு மட்டும் ஜெர்ஸிப் பஞ்சம் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள். ஆடியவள் சொல்கிறேன்.

நான் பி.காம். படித்தது இருபாலர் கல்லூரி. (பெயர் எதற்கு? விடுங்கள்!) பையன்களுக்கு வருஷா வருஷம் புது ஜெர்ஸி. அவர்கள் கழற்றிப் போட்ட பழசு எங்களுக்கு. ஒரு ஜெர்ஸிக்குள் ரெண்டு பேர் குடித்தனமே நடத்தலாம்! பிஸிகல் டைரக்டரிடம் போய் நின்றால், "ஃபண்டு இல்ல கண்ணு... அடுத்த வருசம் பாக்கலாம்" என்பார்.

2010 நவம்பரில், சீனாவில் குவாங்சௌ ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்கள் கபடியை முதல் தடவையாகச் சேர்த்தார்கள். நம் பெண்கள் தங்கத்தோடு திரும்பினார்கள். காலேஜ் நோட்டீஸ் போர்டில் படம் வந்தது. ஜெர்ஸி வரவில்லை!

எங்கள் டீமிலேயே நன்றாக 'பாடிப் போகிற' ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துத்தான் ஃபீஸ் கட்டினார். கோயமுத்தூர் மேட்சுக்கு பஸ் காசும் சொந்தச் செலவு என்றதும் அந்தம்மா சொன்னார்: "ஆடறதுக்கு நாமளே காசு குடுக்கோணுமா? லீவு நாள்ல கம்பெனிக்கு வா சாமி, அரை ஷிப்டு கூலியாச்சும் மிஞ்சும்." அவர் கணக்கில் தப்பே இல்லை. அதோடு அவள் மைதானத்துக்கு வரவில்லை.

தப்பு இன்னொரு கணக்கில். ஃபீஸ் ரசீதில் 'விளையாட்டுக் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தது. பையனுக்கும் அதே தொகை, பெண்ணுக்கும் அதே தொகை. வசூலில் பரிபூரண சமத்துவம்! செலவில்தான்... ஹூம். கேட்டால், "பொம்பளப் புள்ளைக எங்க விளையாட வருது?" என்பார்கள். வந்தவளைத் திருப்பி அனுப்பிவிட்டு இப்படியொரு கேள்வி!

அமெரிக்காவிலும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். 1972-ல் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்குகிற கல்வி நிலையங்கள் ஆண், பெண் பேதம் பார்க்கக் கூடாது. சட்டத்தின் வாசகத்தில் 'விளையாட்டு' என்ற வார்த்தைகூடக் கிடையாது. ஆனால், அன்றைக்கு மூன்று லட்சத்துக்கும் குறைவாக இருந்த உயர்நிலைப் பள்ளி வீராங்கனைகள் இன்றைக்கு 30 லட்சத்துக்கும் மேல். பெண்கள் மாறவில்லை சார், மைதானம் கிடைத்தது!

காமர்ஸ்காரியான எனக்குப் பிடித்தது 1994-ல் வந்த இன்னொரு சட்டம். ஆண்கள் டீமுக்கு எவ்வளவு, பெண்கள் டீமுக்கு எவ்வளவு என்று கல்லூரிகள் வருஷா வருஷம் தனித்தனியே கணக்கு காட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கேயும் சண்டை ஓயவில்லைதான். ஆனால், சண்டை போட ஒரு நம்பராவது கையில் இருக்கிறது.

நம் கிரிக்கெட் வாரியமே 2022-ல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மேட்ச் ஃபீஸ், டெஸ்ட்டுக்கு 15 லட்சம் என்று அறிவித்துவிட்டது. நாட்டுக்கு ஆடுகிறவளுக்குக் கணக்கு நேராகிவிட்டது. காலேஜுக்கு ஆடுகிறவளுக்கு?

மகளைக் கல்லூரியில் சேர்க்கிற அப்பா, அம்மாக்களே... ரசீதை மடித்துப் பையில் வைக்கும் முன், "இதுல பொண்ணுங்க டீமுக்கு எவ்வளவுங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதியே கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜெர்ஸி தைப்பதை எங்க ஊர் பார்த்துக்கொள்ளும். முதலில் கணக்கைப் பிரித்துக் காட்டட்டும்!