இருட்டறையில் ஒரு பிறை

2019 டிசம்பர் 26. காலை 8 மணி கடந்து சில நிமிடங்கள். மதுராந்தகம் ஏரிக்கரையில் நின்றிருந்தோம். கையிலே கிரகணக் கண்ணாடி, நெஞ்சிலே களிப்பு! கோவையிலும் திண்டுக்கல்லிலும் ஒளி வளையமாய்த் தோன்றவிருந்த ஞாயிறு, நம் ஊரிலே பிறையாக மட்டுமே தெரியும். பிறையாயினும் பேரழகன்றோ!

மறைப்புத் தொடங்கியதைக் கண்டு வீடு திரும்பினோம். அங்கே களிப்பில்லை, கதவடைப்பு! ஏழு மாதக் கருவைச் சுமந்த தங்கை இருட்டறையிலே. சன்னலும் சாத்தியாயிற்று. உணவில்லை, ஒரு மிடறு நீருமில்லை. சோற்றுப் பானைக்குத் தர்ப்பை காவல்! தாகத்துக்கு யார் காவல்?

“அம்மா, தண்ணீராவது கொடுக்கக் கூடாதா?” என்றோம்.

“உனக்கென்ன தெரியும்? வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வந்தால் நீயா சுமப்பாய்?” என்றார் அன்னையார்.

மேடையிலே மூடநம்பிக்கையைச் சாடி முழங்கிய நாம், அடுக்களை வாயிலிலே வாயடைத்து நின்றோம். அக்குரலில் இருந்தது ஆணவமன்று, அச்சம். அச்சத்தை அதட்டி விரட்ட இயலுமோ? தங்கையும் வெளிவர மறுத்தாள். “அம்மா அழுவாங்க, அண்ணா!”

அப்போதுதான் கண்டோம். சன்னற் பலகையில் ஓர் ஆணித்துளை. அதன் வழியே நுழைந்த கதிர் தரையிலே கிடந்தது, வட்டமாக அன்று, பிறையாக!

வெள்ளைத் தாளொன்றைக் கதிருக்கு நேரே ஏந்தினோம். துளையிலிருந்து ஒன்பதடி, அதாவது 108 அங்குலம். பிம்பத்தின் முழு விட்டமோ ஏறத்தாழ ஓரங்குலம். ஏன்? ஞாயிறு தன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 108 மடங்குத் தொலைவில் இருப்பதால்! அர்ச்சனைக்குரிய எண்ணன்று இது. அளந்து கண்ட எண். எந்த அறையில் அச்சத்தைப் பூட்டினார்களோ, அந்த அறையே ஆய்வுக்கூடமாயிற்று!

“இதுவா கிரகணம்?” என்றார் அன்னையார்.

“இதுதானம்மா. நிலவின் நிழல். பாம்புமில்லை, நஞ்சுமில்லை. வெறுங்கண்ணால் ஞாயிற்றைப் பார்த்தால் பார்வை கெடும். அந்த ஓர் அச்சம் மட்டும் மெய்.”

இன்னும் சொன்னோம். 1868 ஆகஸ்ட் 18 அன்று, முழு மறைப்பைக் காணவே பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூர் வந்தார். கதவைச் சாத்தவில்லை; கருவியைத் திறந்தார். அந்த மறைப்பின்போது ஞாயிற்றொளியில் தெரிந்த மஞ்சள் வரிதான், ஹீலியம் என்னும் தனிமத்தின் முதல் தடயம். நம் கொடைக்கானல் ஆய்வகத்திலேதான், ஞாயிற்றுப் புள்ளிகளில் வளி பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டார்.

அன்னையார் விடை கூறவில்லை. தாளையே நோக்கியிருந்தார். 9:34 அளவில் பிறை மிக மெலிந்தது. பின் மெல்லப் பருத்தது. மறைப்பு விலக 11 மணி கடக்க வேண்டும். அதற்கு முன்பே தங்கையின் கைக்கு வந்தது ஒரு செம்பு நீர்; பின்னாலேயே கஞ்சி. கொண்டு வந்தவர் அன்னையாரே!

2020 மார்ச்சில் மகள் பிறந்தாள், நலமாக.

2024 மே மாதம் ஞாயிற்றுப் புயல் புவியைத் தாக்கியபோது, இலடாக்கின் ஹான்லே வானம் சிவந்தது. செயற்கைக்கோள்களுக்கும் வானொலிக்கும் இடர் தரவல்லது அப்புயல். அதை அறியப் பரிகாரம் போதாது. ஆதித்யா எல்-1 போன்ற விண்கலம் வேண்டும்.

தோழர்காள்! கதவை உடைக்கப் புறப்படுமுன், துளை உண்டா என்று தேடுங்கள். 2031 மே 21 அன்று தென்தமிழகத்திலே மீண்டும் ஒளிவளையம். அன்று நம் மருமகளுக்கு வயது பதினொன்று. அவளுக்கொரு கண்ணாடி வாங்குவோம். அவள் பாட்டிக்கும் ஒன்று!