நோட்டில் ஒரு பெயர்

எங்கள் புதுச்சேரியில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் மழையைப் பற்றித்தான் பேச்சு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த மழைக்காலத்திலும் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு விடியற்காலையில் ஓடும் குழு ஒன்று இருக்கிறது. நான் ஓடுபவன் அல்ல, நடப்பவன். நடை முடிந்ததும் காந்தி சிலை அருகே உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மழைக்காக ஓட்டம் நிற்காது. ஆனால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் யாரும் வரக்கூடாது. மின்னலுக்குப் பின் 30 விநாடிக்குள் இடி கேட்டால், அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். தண்ணீர் தேங்கிய தெருவில் கால் வைக்கக் கூடாது. வாய்க்கால் எது, சாலை எது என்று தெரியாது.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய நோட்டு. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு ஒரு பெண் பெயர் எழுதுவாள். போகும்போது ஒரு குறி, திரும்பியதும் ஒரு குறி. கடைசிப் பெயருக்குக் குறி விழும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்புவதில்லை. காலமெல்லாம் வருகைப் பதிவேட்டோடு வாழ்ந்த குமாஸ்தா நான். அதில் தாமதமாக வந்தவனுக்குச் சிவப்பு மையில் கோடு போடுவோமே தவிர, வராதவனைத் தேடிப் போனதில்லை.

அந்தக் குழுவில் என் நண்பர் ஒருவர் ஓடுகிறார். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா'. மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இருவரும் பிரான்சில். ஒரு கார்த்திகை மாதம், சனிக்கிழமை தூறலில் எல்லோரும் நன்றாக ஓடி முடித்தார்கள். மறுநாள் தேங்காய்த்திட்டு வரை போய்த் திரும்பும்போது காற்றும் இடியும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொருவராக நனைந்து வந்து சேர்ந்தார்கள். ஒரு பெயருக்கு மட்டும் குறி விழவில்லை. கைப்பேசியை அவர் எடுத்துப் போவதில்லை. என் வயிறு கலங்கியது.

இடி ஓய்ந்து அரை மணி ஆனதும் இரண்டு பையன்கள் ஸ்கூட்டரில் தேடிப் போனார்கள். உப்பளத்தில் மூடிய கடை ஒன்றின் தாழ்வாரத்தில், விதிப்படி அரை மணியை எண்ணிக்கொண்டு நின்றிருந்தாராம். அழைத்து வந்தார்கள். காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தார், பிறகு நோட்டைப் பார்த்தார். நிமிர்ந்து நின்று, "பிரெசான்!" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிட்டால் நாங்கள் சொன்ன பதில் அது: "இருக்கிறேன்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழையில் நனைந்த முகத்தில் கண்ணீர் தெரியாது என்று அவர் நினைத்திருப்பார்.

நம் வயதில் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பஜனையோ, சீட்டாட்டமோ, நூலகமோ, வராவிட்டால் தேடி வரும் ஓரிடத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.