விரல் படும் காகிதம்

இத்தாலியின் பலெர்மோ நகரில் பொலித்தேயாமா அரங்கைத் தாண்டித் துறைமுகப் பக்கம் நடந்தால் போர்கோ வெக்கியோ. மீன், காய்கறிக் கடைகள். சுவர்களில் எமா ஜோன்ஸ் என்ற ஓவியர் பேட்டைப் பிள்ளைகளோடு சேர்ந்து தீட்டிய உருவங்கள். நான் போனபோது, காபிக் கடையின் வெளிமேசையில் இளைஞர் ஒருவர் கத்தரிக்கோலும் மார்க்கர் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். பெற்றோர் யாழ்ப்பாணம், இவர் பிறந்தது இங்கே. செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது தொழில். மடிக்கணினி பைக்குள்ளேயே கிடந்தது.

மேசையில் செல்பேசி அளவுக்கு வெட்டிய தாள்கள். மருத்துவரிடம் நேரம் வாங்கித் தரும் ஒரு செயலியின் திரைகள் அவை. எதிரே, வீட்டு வேலை முடித்து வந்த அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா.

“இதில எங்க தம்பி அமத்திறது?”

“நீங்க நினைக்கிற இடத்தில அமத்துங்கோ அன்ரி. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்.”

அன்ரியின் விரல் பட்டதும் அந்தத் தாள் போய் அடுத்த தாள் வருகிறது. தேதிகள் எழுதிய நீளத் துண்டு ஒன்று, தாளில் கீறிய இரண்டு வெட்டுகளின் வழியே ஏறி இறங்குகிறது. கணினி செய்யவேண்டியதை மனிதர் செய்கிறார். புதிய தந்திரமல்ல. பேச்சைக் கேட்டு எழுதும் இயந்திரம் வந்தால் மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று பார்க்க, 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்கள் ஒரு தட்டச்சரை மறைவாக உட்கார வைத்தே சோதித்தார்கள். அதே காலத்தில் ஸ்காண்டிநேவியாவில், யூடோபியா என்ற திட்டத்தில், அச்சுத் தொழிலாளர்கள் வெறும் அட்டைப்பெட்டியை லேசர் பிரின்டராகப் பாவித்துத் தங்கள் வருங்கால வேலையை நடித்துப் பார்த்தார்கள்.

மூன்றாவது தாளில் அன்ரி நின்றுவிட்டார். இத்தாலியில் எதற்கும் கேட்கப்படும் ‘கோதிச்சே ஃபிஸ்காலே’ என்ற வரி அடையாளக் குறியீட்டை நிரப்ப வேண்டிய இடம். எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு. கைப்பையைத் திறந்து சுகாதார அட்டையை எடுத்தார். அதைத் தாளின் மேலேயே வைத்துவிட்டார்.

“இவ்வளவத்தையும் ஆர் அடிக்கிறது? காட்டைப் படம் எடுத்தாக் காணாதே?”

அந்த அட்டையின் பின்புறம் பார்கோடு இருக்கிறது. இளைஞர் பேசாமல் இன்னொரு தாளை வெட்டி, ஒரு பெட்டியும் கேமரா படமும் வரைந்து நீட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிரலாக எழுதி முடித்திருந்தால் இதே திருத்தத்துக்கு எத்தனை பேர் கூடிப் பேசியிருக்க வேண்டுமோ!

இந்தத் தாள்களில் இருக்கும் கோணல் கோடு வேண்டுமென்றே விடப்படுவதுதான். இத்தாலியரான ஜாக்கமோ குவிலிசோனி 2008-இல் வெளியிட்ட பால்சாமிக் என்ற மென்பொருளும் திரைகளைக் கைக்கிறுக்கல் போலவே காட்டும். முடிந்த வேலை என்று நினைத்து யாரும் வாயை மூடிக்கொள்ளக் கூடாது என்பது கணக்கு. அன்று அது கண்முன்னே தெரிந்தது. இதே செயலியை ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வண்ணமும் நிழலுமாகச் செய்து செல்பேசியில் வைத்திருந்தார் இளைஞர். அதை வாங்கிப் பார்த்த பக்கத்து மேசைக்காரர் “பெல்லோ” என்று பாராட்டித் திருப்பிக் கொடுத்தார். அழகாம். ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தப் பாராட்டால் வடிவமைப்பாளருக்கு ஐந்து காசுக்குப் பிரயோசனமில்லை.

ஆனால் காகிதத்தை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாது. இணையம் மெதுவானால் பயனர் எத்தனை நொடி பொறுப்பார், வெயிலில் சாம்பல்நிற எழுத்து தெரியுமா, நடுங்கும் விரல் பக்கத்துப் பட்டனில் படுமா என்பதற்கெல்லாம் தாளில் விடை கிடையாது. அன்ரி கேட்டதும் அப்படித்தான்: பைக்குள் உரசி உரசிப் பார்கோடு பாதி அழிந்திருந்தது. நிஜக் கேமரா அதைப் படிக்குமா?

இளைஞர் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு பைக்குள்ளிருந்து மடிக்கணினியை எடுத்தார்.