மீட்டருக்கு எவ்வளவு நிக்குது?

மகன் ஸ்லோவாக்கியா நாட்டில் நித்ரா என்ற ஊருக்கு வேலைக்குப் போய் ஏழு மாதமாகிறது. டாடாவுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் தொழிற்சாலை இருக்கும் ஊர். போனில் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு ஸ்லோவாக் வார்த்தை சொல்லித் தருவான்.

'கோல்கோ டோ ஸ்டொயீ?' என்றால் 'என்ன விலை?' அப்படியே தமிழில் சொன்னால், 'இது எவ்வளவு நிற்கிறது?' நிற்பதற்கும் விலை ஆவதற்கும் அங்கே ஒரே சொல்தானாம். அதை வைத்தே 'ஸ்டொயீ டோ ஸா டோ' என்கிறார்கள். 'அது அதற்காக நிற்கிறது', அதாவது பட்ட பாட்டுக்குத் தகும். காசு விஷயத்துக்கு மட்டுமில்லை. நல்ல சினிமாவுக்கும், மூச்சுவாங்க டாட்ரா மலை ஏறியதற்கும் இதேதான்.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டிய எனக்கு இது புதுசாகவே தெரியவில்லை. நூல், கூலி, கரண்ட் எல்லாம் போக "மீட்டருக்கு எவ்வளவு நிக்குது?" என்றுதானே நாங்களும் கேட்போம்! நிற்காவிட்டால் கட்டுப்படியாகாது. என்ன, அவர்களுக்கு நிற்பது கொடுக்கிற காசு. நமக்கு நிற்பது மிஞ்சுகிற காசு.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவன் அப்பா நேராகவே கேட்டுவிட்டார்: "ரெண்டு தறிய வித்து அனுப்பினமே, ஏதாச்சும் நிக்குதா சாமி?"

"வாடகை, சாப்பாடு போக கொஞ்சம் நிக்குதுங்கப்பா. கடன் அடைய இன்னும் ரெண்டு வருசம் ஆகும்."

'ஸ்டொயீ டோ ஸா டோ' என்று அவன் சொல்லவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.