தரகர் வேண்டாமென்ற கார்கள்

கலியாணத் தரகர்களை என் கதைகளில் நிறையப் பரிகாசம் செய்திருக்கிறேன். குடையும் சாதகக் கட்டுமாக அவர்கள் படலையைத் திறக்கும்போதே வாசகனுக்குச் சிரிப்பு வந்துவிட வேண்டும் என்று எழுதியவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு கார் வாங்குவதற்காகத் தரகர் ஒருவரின் தயவை நாட வேண்டி வந்தது. அதுவும் எப்படிப்பட்ட கார்? இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய, யப்பான் ஸ்போர்ட்ஸ் கார். நாற்பதைத் தாண்டியவனுக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள்.

காரின் பெயர் யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்தா கம்பெனியார் 1989-இல் வெளியிட்டது. லோட்டஸ் எலான் போன்ற பழைய ஆங்கிலேயச் சிறு கார்களை மனத்தில் வைத்து, ஆனால் நின்ற இடத்தில் எண்ணெய் ஒழுக்காதபடி செய்தார்கள். 1600 சி.சி. எஞ்சின், எடை ஏறத்தாழ 940 கிலோ. குதிரையும் ஏறியவனும் ஒன்றாகிவிடுவதைக் குறிக்கும் 'ஜின்பா இத்தாய்' என்ற சொல்லை மந்திரம்போல் வைத்துக்கொண்டு அதை உருவாக்கினார்களாம்.

இதே கார் வேறு பெயரில் கனடாவிலும் விற்பனையானதுதான். பின் ஏன் யப்பானிலிருந்து வரவழைக்க வேண்டும்? உப்புத்தான் காரணம். ரொறன்ரோவில் பனிக்காலம் முழுவதும் வீதியில் உப்பைக் கொட்டுகிறார்கள். முப்பது வருஷம் அதில் ஓடிய காரின் அடித்தகடு அப்பளமாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. 1990-களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடை இருந்தபோது மண்ணெண்ணெய் குடித்து ஓடிய மாமாவின் மொறிஸ் மைனரில்தான் நான் ஓட்டப் பழகினேன். ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால்தான் என் கைகளுக்குத் தங்கள் சொந்த வீட்டில் இருப்பதாக நினைப்பு. 15 வயது கடந்த காரை, கனடாவின் பாதுகாப்பு விதிகளுக்கு அமையச் செய்யப்படாவிட்டாலும், இறக்குமதி செய்யலாம் என்று சட்டமும் இடம் கொடுக்கிறது.

யப்பானில் பழைய காரை வைத்திருப்பது செலவான சங்கதி. புதிய காருக்கு மூன்று வருஷத்திலும் அதன்பின் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் 'ஷாக்கென்' என்ற பரிசோதனை உண்டு. 13 வருஷம் கடந்துவிட்டால் வரியும் ஏறும். ஆகவே பலர் விற்றுவிடுகிறார்கள். ஏல மண்டபங்களில் ஒரு கார் கைமாற ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. அங்கே அங்கத்தினர்தாம் ஏலம் கேட்கலாம். உங்களையும் என்னையும் விடமாட்டார்கள். தரகர் நுழைவது இந்த வாசலால்தான்.

ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. காரின் படத்தை வரைந்து, கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, தட்டி நிமிர்த்திய இடத்துக்கு டபிள்யூ, கறளுக்கு எஸ் என்று பரிசோதகர் குறித்திருப்பார். நம் தரகர்கள் செவ்வாய் தோஷத்தைக் கடைசியில், அதுவும் கேட்டால்தான், சொல்வார்கள். இந்தச் சாதகத்தில் தோஷம் முழுவதையும் முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறார்கள்!

நான் முதலில் விசாரித்த தரகர் எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொன்னார். ஏலத்தாளையும் ரசீதையும் காட்டுவீர்களா என்றதும் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது. இரண்டாமவர் ஸ்கார்பரோவில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளை. கூலி இவ்வளவு என்று முன்னமே பேசினார். ஏல ரசீது, துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் செலவு, கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் தனித்தனிச் சீட்டில் வரும். கார் கிடைக்காவிட்டால் தமக்கு ஒரு சதமும் வேண்டாம் என்றார்.

முதலில் ஒரு சிவப்புக் கார் வந்தது. நாலாம் தரம். படத்தைப் பார்த்து நான் மயங்கிவிட்டேன்.

"அண்ணை, இதை விடுங்கோ," என்றார். "இது சப்போரோவிலை ஓடின கார். அங்கையும் பனிக்கு உப்புப் போடுறவங்கள். அடியிலை கறள் எண்டு எழுதிக் கிடக்கு."

அடுத்தது நீலம். பின்பக்கம் டபிள்யூ மூன்று. "ஆரோ பின்னாலை இடிச்சிருக்கிறாங்கள். வேண்டாம்." மூன்றாவதில் நான் சொன்ன எல்லையைத் தாண்டி விலை ஏறியது, ஒரு யென்கூட மேலே கேட்காமல் நிறுத்திவிட்டார். இப்படியே ஆறு கிழமை போயிற்று. இந்தப் பிள்ளைக்கு வியாபாரம் செய்யவே விருப்பமில்லையோ என்றுகூட எனக்கு ஐயம் உண்டாயிற்று. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆறு கிழமையில் அவர் 'வேண்டாம்' என்ற ஒவ்வொரு தடவையும் அவருடைய கூலியும் அல்லவா தள்ளிப் போயிற்று! என் கதைகளில் வந்த தரகர்களில் ஒருவனைக்கூட நான் இப்படிப் படைத்ததில்லை.

கடைசியில் அகப்பட்டது 1992-ஆம் வருஷத்து வெள்ளைக் கார். மூன்றரைத் தரம், உடம்பெல்லாம் கீறல். படத்தில் பார்க்க எனக்குப் பிடிக்கவேயில்லை. "ஃபுக்குவோக்காவிலை ஓடினது. கீறலுக்குப் பெயின்ற் அடிக்கலாம், கறளுக்கு என்ன செய்யிறது?" என்று எனக்காக அதை எடுத்தார். அந்நிய மண் ஒரு பிடிகூடக் கனடாவுக்குள் வரக்கூடாதென்று அடிப்பாகத்தைக் கழுவித்தான் கப்பலில் ஏற்றினார்கள். வன்கூவரில் இறங்கி, லொறியில் வந்து சேர்ந்ததும் எங்கள் மெக்கானிக் அதைத் தூக்கிவைத்து, சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "வெண்கலம் மாதிரிச் சத்தம்," என்றார்.

வலப்பக்க ஸ்டியரிங் என்றதும் இரண்டு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்தன. மூன்றாவது, சற்று அதிகம் வாங்கிக்கொண்டு, சம்மதித்தது. இப்போது ஒரே சங்கடம் கோப்பிக்கடை ஜன்னல்தான். காரில் இருந்தபடியே வாங்கும் அந்த ஜன்னல் இடப்பக்கம் வரும். எனக்குக் கை எட்டாது. 'இது எதற்கு' என்று கேட்ட மனைவி அங்கே உட்கார்ந்திருந்து, காசைக் கொடுத்து, இரண்டு கோப்பைகளையும் வாங்கி, தனக்குச் சீனி போதாதென்று திருப்பியும் கொடுக்கிறாள்.