வரிக் கடைசியில் ஒரு புள்ளி

கற்பிட்டி விருந்தினர் விடுதிகளுக்கும் கைட்சர்ஃபிங் பள்ளிகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். இங்கே வருடத்துக்கு இரண்டு முகம். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று, கைட்காரர் காலம். நவம்பரில் வெளிக்கடல் அடங்கத் தொடங்கினால் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்கப் படகு போகும். ஒரு விடுதியின் தளத்தில் விலையும் படமும் வருடத்துக்கு இரண்டு தரம் மாறினால் அதிகம். அதற்கு எதற்கு டேட்டாபேஸ், மாதாமாதம் அப்டேட் கேட்கும் பிளகின்? மார்க்டவுனில் எழுதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் ரெப்போவுக்குப் புஷ் பண்ணினால் ஹியூகோ என்ற கருவி அதைப் பக்கங்களாக்கும். கிட்ஹப் பேஜஸ் உலகத்துக்குக் காட்டும். சேர்வர் வாடகை இல்லை.

இந்த முறையின் அருமை 2022இல் எல்லோருக்கும் புரிந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மெழுகுதிரி கொளுத்தினோம். அதை என்னவென்று சொல்ல! ஆனால் கிட்டுக்கு இணைப்புத் தேவையில்லை. மடிக்கணினி பற்றரியில் எழுதிக் கொமிட் பண்ணி வைத்துவிட்டு, சிக்னல் வந்ததும் புஷ் பண்ணினால் போதும்.

ஒரேயொரு கட்டுப்பாடு: ட்ரோன் வீடியோவை ரெப்போவுக்குள் போடக் கூடாது. பிறகு அழித்தாலும் கிட் தன் வரலாற்றில் அதைச் சுமந்துகொண்டே இருக்கும். பேஜஸில் ஒரு தளத்துக்கு 1 ஜிபிதான் எல்லை.

இதெல்லாம் இலகுவான பாதி. தளம் நாளைக்கு அழிந்தாலும் ரெப்போ இருந்தால் மறுபடி கட்டிவிடலாம். பெயர் அப்படியில்லை. டொமைனும், அந்தப் பெயர் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டீஎன்எஸ் பதிவுகளும்தான் முதல். மிச்சமெல்லாம் அதன் மேல் வைத்த சாமான். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி காலையில் கூகிளின் .எல்கே முகவரிக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்தில் போய் நின்றார்கள். அன்று கூகிளின் சேர்வர்களை யாரும் தொடவில்லை. .எல்கே பெயர்கள் சிலவற்றின் பதிவுகள் மாற்றப்பட்டிருந்தன, அவ்வளவுதான்.

அப்படியிருந்தும் பதிவுகளைத்தான் ஆட்கள் கவனிக்காமல் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் எப்போதோ ஒரு கொன்ட்ரோல் பெனலில் தட்டியது. ஏன் தட்டினார் என்று இன்று கேட்க ஆளில்லை. நான் அவற்றையும் ரெப்போவில் வைக்கிறேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆட்கள் 2017இல் திறந்துவிட்ட டீஎன்எஸ்கொன்ட்ரோல் என்ற கருவி இதற்கு உதவுகிறது. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் டீஎன்எஸ்ஸை வகுக்கும் முன், வலையமைப்பில் இருந்த கணினிகளின் பெயரெல்லாம் ஒரே கோப்பில்தான் இருந்தன. உலகம் பெருத்ததால் அந்தக் கோப்புத் தாங்கவில்லை. ஒரு விடுதியின் பெயர்களுக்கு இன்றும் ஒரு கோப்பு தாராளம்.

அந்தக் கோப்பில் என்ன இருக்கும்? பெயரைக் கிட்ஹப் பேஜஸின் ஐபி விலாசங்களோடு இணைக்க 185.199.108.153 முதல் 185.199.111.153 வரை நான்கு ஏ பதிவுகள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூவுக்கு, ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் சீநேம் ஒன்று. வெறும் டொமைனுக்குச் சீநேம் போட முடியாது. அந்த இடத்தில் எஸ்ஓஏ, என்எஸ் என்ற கட்டாயப் பதிவுகள் ஏற்கெனவே குடியிருக்கின்றன, சீநேம் இன்னொன்றோடு சேர்ந்து இருக்காது. பிறகு மின்னஞ்சலுக்கு எம்எக்ஸ், போலிக் கடிதங்களைத் தடுக்க எஸ்பிஎஃப் வரி. ஒவ்வொன்றின் மேலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று தமிழிலேயே குறிப்பு எழுதி வைப்பேன்.

எம்எக்ஸ் வரியில் என் கண் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். நேம்சேர்வர் மாற்றும்போது ஏ பதிவுகளை மட்டும் கொண்டுபோய் எம்எக்ஸை விட்டுவிடுவது ஊருலகத்தில் நடக்கிற கதை. தளம் அழகாகத் திறக்கும். ஜேர்மனியில் இருந்து அறை கேட்டு எழுதிய கடிதம் மட்டும் திரும்பிப் போகும். "சைட் நல்லாத்தானே வேலை செய்யுது தம்பி, சீசன்தான் சரியில்ல" என்பார் விடுதிக்காரர். காற்றுக்கு என்ன குறை? கோப்பில் ஒரு வரி குறைந்தது.

எம்எக்ஸ் வரியின் கடைசியில் ஒரு புள்ளி உண்டு. முழுப்பெயர் இதோடு முடிந்தது என்று அர்த்தம். அதை விட்டுவிட்டால், பதிவுகளைக் கையால் எழுதும் பழைய சோன் கோப்புகளில் டொமைன் பெயர் பின்னால் இன்னொரு தரம் ஒட்டிக்கொள்ளும்; அஞ்சல் இல்லாத ஊருக்குப் போகும். டீஎன்எஸ்கொன்ட்ரோல் புள்ளியில்லாத வரியைக் கண்டால் நகர மறுக்கும். அந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். புஷ் பண்ணும் முன் பிரிவியூ ஓட்டினால் எந்த வரி சேரும், எது போகும் என்று காட்டும். எதிர்பாராத ஒரு வரி போகிறதென்றால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

தளம் வேறு சேர்வருக்கு இடம் மாறுவதென்றால் அவசரம் ஆகாது. முதல் நாளே, ஒரு பதிவை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டீடீஎல்லை 86400இல் இருந்து 300க்கு இறக்குவேன். ஒரு நாள் முழுக்கப் பழைய விலாசத்தை நினைவில் வைத்திருந்த சேர்வர்கள், அதன்பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கேட்கும். மாற்றி, டிக் கட்டளையில் சரிபார்த்து, இரண்டு நாள் பொறுத்துப் பழையபடி ஏற்றலாம்.

சீசன் முடிந்து மூடிய கிளைத்தளங்களிலும் ஆபத்து இருக்கிறது. பேஜஸில் தளத்தை அழித்துவிட்டுச் சீநேமை மறந்தால், அந்தப் பெயரை வேறொருவர் தன் ரெப்போவில் போட்டு உங்கள் விலாசத்திலேயே சூதாட்டக் கடை விரிக்கலாம். கிட்ஹப்பில் டொமைனை டெக்ஸ்ட் பதிவால் உறுதிப்படுத்தி வைப்பதும், அழிக்கும்போது முதலில் பதிவை எடுப்பதும் இதற்கு மருந்து.

கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவிலோ கண்டக்குழியிலோ விடுதி நடத்துபவர்களிடம் கேட்பது ஒன்றுதான். தளம் செய்தவரை இந்தக் கிழமையே கூப்பிடுங்கள். டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகும் என்று கேளுங்கள். உங்கள் பெயரில் இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள். படம் மாற்றுவதை அடுத்த சீசனுக்குப் பார்த்துக்கொள்ளலாம்.