காற்று போன வழி

சைக்கிள் பஞ்சரானால், கடைக்காரர் ட்யூபை உருவித் தண்ணீரில் முக்குவார். குமிழி வந்த இடத்தில் ஓட்டை, விஷயம் முடிந்தது. ட்யூபே இல்லாத சைக்கிளானால் எதை முக்குவது?

என் அக்கா மகளின் ரேஸ் சைக்கிள் அந்த ரகம். டயரின் ஓரம் ரிம்மை இறுகக் கவ்விக்கொள்ளும். ரிம்மில் கம்பிகளுக்காகப் போட்ட துளைகளை ஒரு நாடா மூடியிருக்கும். உள்ளே ஊற்றிய பால் போன்ற திரவம், முள் குத்திய சிறு ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும்.

இத்தனை இருந்தும், ராத்திரி கல்லாக இருந்த சக்கரம் காலையில் தோசையாகப் படுத்துவிடும். விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியே போகிற பெண்; பாதி வழியில் காற்று இறங்கினால்? "இனிமேல் சைக்கிளே வேண்டாம்" என்றாள் அக்கா. டயரையே மாற்றச் சொன்னார் கடைக்காரர். விலையைக் கேட்டதும் அத்திம்பேர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்தோம். காற்றை நன்றாக அடித்துவிட்டு, சக்கரம் முழுவதும் பூசினோம். வால்வின் நுனியில் குமிழி வந்தால், உள்ளிருக்கும் ஊசியை முடுக்கினால் போதும். டயர் ஓரத்தில் வந்தால், அது சரியாக உட்காரவில்லை; அல்லது திரவம் உலர்ந்திருக்கும். அதன் ஆயுள் சில மாதங்கள்தான். வெயிலில் இன்னும் சீக்கிரம் வற்றும்.

இரண்டிலும் ஒன்றுமில்லை. கம்பி ரிம்முக்குள் நுழைகிற ஓரிடத்தில் மாத்திரம் நுரை பொங்கிற்று!

"சித்தி, ஓட்டை அகப்பட்டுவிட்டது!" என்று குதித்தாள்.

அகப்பட்டது வாசல்தான், ஓட்டையல்ல. நாடா எங்கே விலகினாலும், வால்வின் அடி ரப்பர் பொருந்தாவிட்டாலும், காற்று முதலில் ரிம்மின் உட்கூட்டுக்குள் புகுந்து, பிறகு தனக்கு வசதியான துளை வழியே வெளியேறும். டயரைக் கழற்றிப் பார்த்தோம். நுரை வந்த இடத்தில் நாடா சரியாகவே இருந்தது. நேர் எதிர்ப்புறத்தில் அதன் ஓரம் மடங்கிக் கிடந்தது!

பழைய நாடாவை உரித்து, ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்து உலர்த்தி, புது நாடாவைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினாள். புதிதாகத் திரவமும் ஊற்றினாள். மறுநாள் காலையிலும் சக்கரம் கல்லாகவே இருந்தது. செலவு, ஒரு சுருள் நாடாவும் கொஞ்சம் திரவமும்.

அக்காவும் சம்மதித்துவிட்டாள், ஒரு நிபந்தனையோடு. சைக்கிள் பையில் ஒரு ட்யூப் எப்போதும் இருக்க வேண்டும். ஆபத்துச் சமயத்தில், அந்த வால்வைக் கழற்றிவிட்டு இந்த டயருக்குள்ளும் ட்யூபைப் போடலாமாம். ஆபத்துக்குப் பாவமில்லை அல்லவா?